பதினேழு அங்குலச் சக்கரம்

டயர் கடை தங்கதுரை வேல்விழியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ரிம் என்ன கலரில் வேண்டும் என்று கேட்டான்.

மற்றதையெல்லாம் அவள் புருஷனிடம் கேட்டான். எத்தனை அங்குல ரிம், டயர் எவ்வளவு அகலம், சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கட்டுமா உள்ளே அடங்கி இருக்கட்டுமா, எல்லாம் பிரவீன்குமாரிடம். பிரவீன்குமாருக்கு இதில் ஒரு எழவும் தெரியாது. வண்டி பஞ்சரானால் இறங்கி நின்று யாருக்காவது போன் போடுகிற ஆள் அவன். ஆனால் கேள்வி கேட்டால் தாடையைத் தடவிக்கொண்டு, "அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லத் தெரியும். அந்தத் தாடைத் தடவலுக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பு, வேல்விழி ராப்பகலாக உட்கார்ந்து போட்ட கணக்குக்கு இல்லை.

"சில்வர் கலரு" என்றாள் வேல்விழி. "பதினேழு அங்குலம். டயரு எரநூத்தி அஞ்சு, நாப்பத்தஞ்சு."

தங்கதுரை கலரை மட்டும் வாங்கிக்கொண்டு பிரவீன்குமார் பக்கம் திரும்பினான். "சார், பத்தொம்போது போட்டுடலாம். நாலு வெரக்கடை வெளிய நிக்கட்டும். பெண்ணாடத்துலேர்ந்து கடலூரு வரைக்கும் இதப்போல ஒரு வண்டி இருக்கக்கூடாது."

பிரவீன்குமார் தாடையைத் தடவினான்.

இத்தனைக்கும் வண்டி அவளுடையது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்றது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். செராமிக் டிப்ளமோ படித்த காலத்திலிருந்தே இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கல்யாணமாகி, விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் புகுந்த வீட்டாரின் மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் பட்டறையில் கிளேஸ் பூச்சும் சூளையும் அவள் பொறுப்புக்கு வந்து, பல வருஷம் அந்த வெக்கையில் நின்று வாங்கிய சம்பளத்தில் வாங்கினாள். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பெயர் பிரவீன்குமார். புரோக்கர் யாரையும் கேட்காமலே அப்படி எழுதிக்கொண்டு வந்து, "வூட்டுக்காரர் பேருதானங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். ரெண்டும் ஒன்றில்லை என்பது அப்புறம் போன ஒவ்வொரு கடையிலும் அவளுக்குத் தெரிந்தது.

ரிம் மாற்ற வேண்டிய நிலைமை வந்ததும் அவளால் இல்லை. உளுந்தூர்பேட்டை சாலையில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் வண்டியைக் கொண்டுபோய் இறக்கினவன் பிரவீன்குமார். முன்பக்க ரிம் விரிசல் விட்டது. "ரோடு சரியில்ல" என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அதே மாதிரி பழைய ரிம் சென்னையிலும் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை. நாலையும் புதிதாகப் போட்டாக வேண்டும் என்று ஆனபோது, வேல்விழி சும்மா இருக்கவில்லை. படித்தாள், அளந்தாள், கணக்குப் போட்டாள்.

விஷயம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பழைய பதினாறு அங்குல அளவில் அவளுக்கு வேண்டிய பிடிமானமுள்ள டயர் இப்போது வருவதில்லை, பதினேழில் வருகிறது. ரிம் ஓர் அங்குலம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் அதற்கேற்றபடி குட்டையாக வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் கம்பெனிக்காரன் கொடுத்த உயரத்தை ஒட்டி இருக்கும். உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் போய் மட்கார்டில் உரசும். அகலம் கூடினால் உள்பக்கம் சஸ்பென்ஷனில் இடிக்கும். இவ்வளவுதான். இதைத் தங்கதுரையிடம் இரண்டு தடவை சொன்னாள். அவன் இரண்டு தடவையும் "கரெக்டுதாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் முகத்தைப் பார்த்தான்.

பிரவீன்குமாரின் அண்ணன் சாமிதுரைக்கு விஷயம் எட்டியதும் அது குடும்பப் பிரச்சினையாகிவிட்டது. பட்டறையில் பாதிப் பங்கு அவருடையது. கருவேப்பிலங்குறிச்சியில் நிலம் வேறு. ஜீப்பு மாதிரி ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறார். அதற்கு அவர் போட்டிருக்கிற டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும். மழை நாளில் அவர் ஜங்ஷன் ரோட்டில் போனால், இரண்டு பக்கமும் நடந்து போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் துணி மாற்ற வேண்டியதுதான். வளைவில் திருப்பும்போது கர்ரென்று ஒரு சத்தம் வரும். டயர் உரசுகிற சத்தம் அது. அவர் அதைப் பவர் என்பார். சக்கரத்தைப் பற்றிக் குடும்பத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இவரைத்தான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் சாமிதுரை.

"தம்பி, அந்த வண்டிய குடுத்துடு. ரெண்டே சீட்டு. குடும்பத்துக்கு ஒதவுமா? இப்ப ரிம்மும் போச்சு. திட்டக்குடி தேவநாதன் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவரு பையன் கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பள அழைப்புல வுடணுமாம்."

வண்டிக்குச் சொந்தக்காரி எதிரில் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறாள். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. அவள் ஆசை ஆசையாக வாங்கின காரில் எவனோ ஒரு மாப்பிள்ளை மாலையோடு ஊர்வலம் போவதற்குத் தம்பியிடம் சம்மதம் கேட்கிறார்.

"வண்டி என்னுது மாமா" என்றாள் வேல்விழி.

"யாரு இல்லன்னாங்க? ஒன்னுதான். அதான் ஒன் வூட்டுக்காரங்கிட்ட சொல்றேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? பிரவீன்குமார் சொல்லியிருக்கலாம். அவன் அப்போது போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

வேல்விழிக்கு ஆத்திரத்தில் காது சுட்டது. ஆனால் கத்தினால் "பொம்பள கத்துறா" என்று அதோடு முடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். செம்பைக் கீழே வைத்தாள்.

"ரிம் வாங்கிட்டு சேரலன்னா திருப்பி எடுக்க மாட்டாங்க. அதனால வாங்கறதுக்கு முன்ன நம்ம பட்டறையிலயே பிளாஸ்டர்ல ஒரு சக்கரம் டம்மி செஞ்சு மாட்டிப் பாக்குறேன். டயரோட சேத்து முழு அளவுக்கு. எங்கியும் உரசலன்னா, வண்டிய பத்தி இந்த வூட்ல இனிமே யாரும் பேசக்கூடாது."

"உரசுச்சின்னா?"

"உரசுச்சின்னா தேவநாதன வந்து எடுத்துட்டு போவச் சொல்லுங்க."

சாமிதுரை சிரித்தார். தம்பியைப் பார்த்து, "என்னடா, சரிதான?" என்றார். பிரவீன்குமார் சரி என்றான். அவள் பந்தயத்துக்கும் அவன் சம்மதம் வேண்டியிருந்தது.

வேல்விழி படம் வரைந்தாள். உயரம், அகலம், சக்கரம் எவ்வளவு உள்வாங்கி உட்கார வேண்டும் என்பது, எல்லாம் எழுதினாள். விரிசல் விட்ட பழைய ரிம்மின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னாள். போல்ட்டு போடும் ஓட்டைகள் அதில் இருக்கின்றன. அதைச் சுற்றிப் பிளாஸ்டரை வார்த்துவிட்டால் வண்டியில் நேராக மாட்டிவிடலாம். அச்சு எடுக்க மாடல் செய்கிற கொளஞ்சிநாதனிடம் படத்தைக் கொடுத்துவிட்டுச் சூளைக்குப் போனாள். அந்த வாரம் பெரிய லோடு சூளையில் வெந்துகொண்டிருந்தது. அதை விட்டு அவளால் நகர முடியவில்லை. டம்மி எப்படி வருகிறது என்று எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை காலை பட்டறை வாசலில் கூட்டம். சாமிதுரை வந்தார், அவரோடு இரண்டு பேர் வந்தார்கள். தங்கதுரை கடையைப் பூட்டிவிட்டு ஜாக்கியோடு வந்தான். பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் டீ டம்ளரோடு வந்து நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை சக்கரத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள் என்றால் சும்மாவா? வேல்விழி சூளையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் டம்மியை மாட்டி முடித்திருந்தார்கள். பிளாஸ்டர் வண்டியின் பாரத்தைத் தாங்காது என்பதால் வண்டி ஜாக்கியில் நின்றது. அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நின்றால் சக்கரம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். அதுவும் அவள் எழுதிக் கொடுத்த முறைதான்.

அவள் குனிந்து பார்க்கப் போனாள்.

"நீ உள்ள ஒக்காரும்மா" என்றார் சாமிதுரை. "ஸ்டியரிங்க திருப்ப ஒரு ஆளு வேணும். நாங்க பாத்துக்கறோம்."

உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். அவள் வண்டி, அவள் கணக்கு, அவள் பந்தயம், பார்க்கிறது அவர்கள். இடது பக்கம் முழுசாக ஒடித்தாள். கறக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டர் ஓரம் பெயர்ந்து தரையில் கொட்டியது. வலது பக்கம் திருப்பச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இன்னும் மோசம், பாதியிலேயே உள்ளே இடித்து நின்றுவிட்டது. வெளியே சிரிப்பு கேட்டது.

"கணக்கு போட்டு வண்டி ஓட்ட முடியுமா?" என்றார் சாமிதுரை. "நான் கண்ணால பாத்தே சொல்லிடுவேன். பொண்டாட்டி சொல்றான்னு கேட்டிருந்தா நாலு ரிம்மும் தெண்டம்டா தம்பி."

பிரவீன்குமார் அந்த உடைந்த பிளாஸ்டர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அவள் தோற்றதற்காக வருத்தப்படுகிறான் என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவனுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டாள் என்றால் பாருங்கள்.

டம்மியைக் கழற்றிக் கொல்லைப் பக்கம் உடைசல் குவியலில் போட்டார்கள். தேவநாதனை வியாழக்கிழமை வரச் சொல்லிச் சாமிதுரை அங்கேயே நின்று போன் பேசினார்.

அடுத்த இரண்டு நாளும் வேல்விழி கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அதே விடை வந்தது. விடை சரி, ஆனால் சக்கரம் உரசுகிறது. ஒருவேளை தனக்கே தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது, கண்ணால் பார்த்தே சொல்கிறவர்களுக்குத் தெரிகிறது என்று ஒரு நிமிஷம் நம்பக்கூடச் செய்தாள். அவமானத்தில் பெரிய அவமானம் அதுதான். ஊர் சிரிப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் சோறு இறங்காது.

திங்கட்கிழமை மத்தியானம், எழுந்து உடைசல் குவியலுக்குப் போனாள். உடைந்த இன்சுலேட்டர்களுக்கு நடுவே டம்மி கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கம் ஓரம் போயிருந்தது, மறுபக்கம் முழுசாக இருந்தது. நடு ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் டேப்பை வைத்து அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். அகலத்தையும் அளந்தாள். அவள் எழுதிக் கொடுத்ததைவிட எல்லாமே பெரிது. ஏனோதானோவென்று பெரிதாகவும் இல்லை; உயரமும் அகலமும் ஒரே விகிதத்தில் பெரிதாகியிருந்தன. அந்த விகிதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். ஆகவே இந்த எஸ்டேட்டில் யாரும் மாடலைப் படத்தில் எழுதிய அளவுக்குச் செய்ய மாட்டார்கள். சுருங்கப்போகிற அளவைக் கூட்டிப் பெரிதாகத்தான் செய்வார்கள். சுருக்கம் விடுவது என்று அதற்குப் பெயர். இன்சுலேட்டருக்கு அது சரி. இந்தச் சக்கரம் சூளைக்குப் போகப் போவதில்லை, சுருங்கப் போவதும் இல்லை. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் காருக்கு ரிம் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு தப்பு நடக்காது. விருத்தாசலத்தில் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு லோடு மண்ணையும் சோதித்து, சுருக்கம் இவ்வளவு விடு என்று சொல்கிறவளே வேல்விழிதான். அவள் சொன்ன எண்ணையே அவள் சக்கரத்தின் மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

கொளஞ்சிநாதன் மாடல் அறையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தார்.

"கொளஞ்சண்ணே, அந்த சக்கரத்துக்கு சுருக்கம் விட்டீங்களா?"

"ஆமாம்மா. விடாம எப்புடி?"

"அது சூளைக்கு போற சாமானா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குரலில் கள்ளம் எதுவும் இல்லை. "எனக்கும் அந்த சந்தேகம் வந்துதும்மா. நீங்க சூளைகிட்ட இருந்தீங்க. பிரவீன் சாரு இந்தப் பக்கமா வந்தாரு. மேடம் எழுதியிருக்கறத அப்புடியே செய்யட்டுமா, சுருக்கம் சேக்கட்டுமான்னு கேட்டேன். அவ எங்க அதெல்லாம் யோசிச்சிருப்பா, நீ சேத்துடுன்னாரு. சேத்துட்டேன்."

"சனிக்கெழம உரசும்போது நீங்க ஏன் சொல்லல?"

"நான் எங்கம்மா இருந்தேன்? நல்லூருக்கு ஒரு சாவுக்குப் போயிட்டேன். வந்ததும் மேடம் கணக்கு தப்பாப் போச்சுன்னாங்க. காரு கணக்கு நமக்கு என்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

அவ எங்க அதெல்லாம் யோசிச்சிருப்பா. வேல்விழி அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எதிரி சொல்லவில்லை, போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லவில்லை. அவள் சோதித்துச் சொல்கிற மண்ணில் பட்டறை நடத்துகிறவன், அவள் வெக்கையில் நின்று எடுக்கிற சரக்கை விற்றுச் சாப்பிடுகிறவன் சொல்லியிருக்கிறான். இருபது அடி நடந்து வந்து அவளைக் கேட்டிருக்கலாம். அதற்குக்கூடச் சோம்பல்.

ஆற்றாமை தாங்காதவர்கள் மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுவார்கள். யார் பேரில் குறை என்று தெளிவாக எழுத வேண்டும். வேல்விழிக்கு அன்றைக்கு எழுதக் கை பரபரத்தது. சாமிக்கு முன்னால் ஆசாமியையே கேட்டுவிடலாம் என்று ஆபீஸ் அறைக்குப் போனாள்.

பிரவீன்குமார் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான்.

"கொளஞ்சண்ணன் ஒங்கள சுருக்கம் சேக்கட்டுமான்னு கேட்டாரா?"

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. தாடைக்குப் போன கை பாதியில் நின்றது.

"கேட்டாரு. ஏதோ அவசரத்துல..."

"சனிக்கெழம உரசும்போது அது ஒங்களுக்கு ஞாபகம் வந்துதா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"வந்துதா, வரலையா?"

"வந்துச்சு" என்றான். "அண்ணன் நிக்கிறாரு, அத்தன பேரு நிக்கிறாங்க. அந்த எடத்துல நான் போயி, நாந்தான் தப்பா சொல்லிட்டேன்னு எப்புடி வேலு சொல்றது?"

வேல்விழி அவனையே பார்த்தாள். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான். அத்தனை பேர் முன்னால் அவன் தப்பு தெரியக்கூடாது. அதற்காக அத்தனை பேர் முன்னால் அவள் முட்டாளாகலாம், வண்டியும் போகலாம். சனிக்கிழமை அவன் முகம் ஒரு மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம். அதற்கு அவள் இரக்கம் வேறு பட்டாள். நினைத்தபோது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"வியாழக்கெழம தேவநாதன் வரும்போது அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, சரியான அளவுல டம்மி மாட்டுறேன்" என்றாள். "என்ன நடந்துதுன்னு அன்னைக்கு நீங்க சொல்லணும். ஒங்க வாயால. எனக்கு அது போதும்."

"சொல்றேன்" என்றான் பிரவீன்குமார். அந்த நேரத்தில் அவன் எதற்கும் சரி என்று சொல்லியிருப்பான்.

வியாழக்கிழமை அதே கூட்டம். கூடுதலாகத் தேவநாதனும் அவர் மகனும். மகன் வண்டிமேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான், அதற்குள்ளாகவே. வேல்விழி அவனை நகரச் சொன்னாள். புது டம்மியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, தானே போல்ட்டு போட்டாள். பெரியவர் சாமிதுரை மறுபடியும் உள்ளே உட்காரச் சொன்னார்.

"நீங்க உள்ள ஒக்காருங்க மாமா" என்றாள். "ஸ்டியரிங்க திருப்ப ஒரு ஆளு வேணும். நான் பாத்துக்கறேன்."

யாரோ ஒருவர் சிரித்து அடக்கினார். அந்தக் குட்டைக் காருக்குள் சாமிதுரை தன் வயிற்றை ஒடுக்கிக்கொண்டு இறங்குவதே ஒரு பாடாக இருந்தது. இடது பக்கம் ஒடித்தார். சத்தம் இல்லை. வலது பக்கம் ஒடித்தார். சத்தம் இல்லை. வேல்விழி சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு எல்லோருக்கும் காட்டினாள். உள்பக்கமும் கையை விட்டுக் காட்டினாள். தங்கதுரை குனிந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான், பிறகு எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். "கம்பெனி ஃபிட்டிங் மாதிரி ஒக்காருது" என்றான். அதையும் பிரவீன்குமாரைப் பார்த்துத்தான் சொன்னான்.

சாமிதுரை காரிலிருந்து வெளியே வந்ததும் தம்பியின் தோளில் தட்டினார். "பரவால்லயேடா. கடைசில சரியா புடிச்சிட்டியே."

வேல்விழி நிமிர்ந்து நின்றாள். இதைவிட நல்ல இடம் ஒருவனுக்குக் கிடைக்காது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் கண் அவனைவிட்டு நகரவில்லை.

பிரவீன்குமார் தொண்டையைச் செருமினான். "அது ஒண்ணுமில்லண்ணே. போன தடவ கொளஞ்சி அளவ மாத்திட்டான். அதான் கொழப்பம். இப்ப சரி பண்ணியாச்சு."

கொளஞ்சிநாதன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். தலை தானாகக் குனிந்தது. எத்தனையோ வருஷம் இன்சுலேட்டருக்கு மாடல் செய்த மனிதர், ஒரு மயிரிழை தப்பு வந்ததில்லை. கூட்டத்தில் சிலர் அவரைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

வேல்விழிக்கு அதுவரை இருந்த கோபம் தனக்கான கோபம். இப்போது வந்தது வேறு. கேட்டுவிட்டுச் செய்தவர் ஒருவர்தான் இருந்தார் அந்தப் பட்டறையில், அவர் தலையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

"கொளஞ்சண்ணன் எதையும் மாத்தல" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "சுருக்கம் சேக்கட்டுமான்னு கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. இவரத்தான் கேட்டாரு. அவ எங்க யோசிச்சிருப்பா, சேத்துடுன்னு சொன்னது இவரு. சனிக்கெழம உரசும்போதே இவருக்கு ஞாபகம் வந்துச்சு. வாயத் தொறக்கல. நீங்கள்லாம் சிரிக்கிற வரைக்கும் நின்னுட்டு, வண்டிய விலை பேசற வரைக்கும் நின்னுட்டு, இன்னைக்கு அவரு தலையில போடுறாரு."

தேவநாதன் மகனைக் கையைப் பிடித்து வண்டியிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

"குடும்ப விஷயத்த இப்புடி நாலு பேரு முன்னாடி பேசலாமா?" என்றார் சாமிதுரை, மெதுவான குரலில்.

"என்னப் பாத்து சிரிச்சது நாலு பேரு முன்னாடிதான மாமா? அப்ப அது குடும்ப விஷயமா இல்லியா?"

சாமிதுரைக்குப் பந்தயம் பந்தயம்தான் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி எஸ்டேட் முனையில் திரும்பும்போது அந்தக் கர்ர் சத்தம் கேட்டது. கொளஞ்சிநாதன் யாரையும் பார்க்காமல் மாடல் அறைக்குப் போனார். போகிற வழியில் நின்று, "டீ சாப்பிட்டீங்களாம்மா?" என்று வேல்விழியைக் கேட்டார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரவீன்குமார் வீட்டில் இரண்டு நாள் பேசவில்லை. தப்பு செய்தவன் கோபித்துக்கொண்டான். நாலு பேர் முன்னால் மானம் போய்விட்டதாம். மூன்றாவது நாள் அவனே வந்து, சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று ஆரம்பித்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை; அண்ணன் வீட்டுக்குப் போனபோது தப்பு தன்னுடையது என்று அங்கேயும் சொல்லவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

ரிம் வந்தது. பதினேழு அங்குலம், சில்வர். தங்கதுரை கடையில் நாலு சக்கரத்தையும் மாட்டி இறக்கியபோது வண்டி அழகாகத் தரையைக் கவ்வி நின்றது. எதுவும் துருத்தவில்லை. தங்கதுரை காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் பிரவீன்குமார் பக்கம் திரும்பி, பாதியில் நிறுத்திக்கொண்டான். வேல்விழியைப் பார்த்து, "காத்து எவ்ளோங்க வைக்கட்டும்?" என்று கேட்டான். சொன்னாள். வைத்தான்.

கூரையை மடக்கிவிட்டு உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். வெலிங்டன் ஏரி வரைக்கும் போய் வருவதாக இருந்தாள். பிரவீன்குமார் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, கதவுப் பிடியில் கையை வைத்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தான்.

"நானும் வரேன் வேலு. ஓட்டிப் பாக்கலாம்."

"வேணாங்க" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி. "உரசும். ஒரு ஆள் வெயிட்டுக்குத்தான் கணக்கு போட்டிருக்கேன்."

அது பொய். இரண்டு பேரும் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்கும் என்பதைத்தான் அவள் எல்லாவற்றுக்கும் முதலில் கணக்குப் போட்டாள். பக்கத்தில் நின்ற தங்கதுரைக்கே அது தெரியும், பிரவீன்குமாருக்கும் தெரியும். அவன் கதவிலிருந்து கையை எடுத்தான். அவள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சத்தமில்லாமல் ரோட்டுக்கு ஏறினாள்.